உள்ளான் வேட்டையும் இரண்டரை மடங்குக் கண்ணாடியும்

செய்தி மேசையில் அமர்ந்திருந்த காலத்தில் நான் எத்தனையோ தடவைகள் எழுதிய சொற்களுள் ஒன்று 'சினைப்பர்'. 'சினைப்பர் தாக்குதலில் ஒருவர் பலி' என்று ஒற்றைப் பத்தியில் நான்கு வரிகள். அதற்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும் என்று ஆசிரிய பீடத்தில் அவ்வப்போது விவாதம் எழும். குறிபார்த்துச் சுடுபவர் என்று எழுதினால் தலைப்பில் இடம் போதாது. எனவே மீண்டும் சினைப்பர்தான். அச்சொல் எங்கிருந்து வந்தது என்று அந்நாட்களில் எவரும் கேட்டதில்லை; நானும் கேட்கவில்லை.

அது ஒரு பறவையின் பெயரிலிருந்து வந்தது. மாரி காலத்தில் எங்கள் வயல்களிலும் குளக்கரைச் சேற்றிலும் வந்திறங்கும் நீண்ட அலகுடைய உள்ளானைத்தான் ஆங்கிலேயர் 'ஸ்னைப்' என்கிறார்கள். ஆளரவம் கேட்டதும் சேற்றிலிருந்து விருட்டென்று எழுந்து வளைந்து வளைந்து பறக்கும் இப்பறவையைச் சுட்டு வீழ்த்துவது கடினமான வேட்டை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் பணியாற்றிய பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் இவ்வேட்டையைக் குறிக்க வழங்கிய வினைச்சொல்லே பின்னர் மறைந்திருந்து மனிதரைச் சுடுவதற்கும் ஆகிவந்தது. சொல் மட்டுமல்ல, அத்தொழிலின் கருவியும் வேட்டைக்காட்டிலிருந்தே போர்க்களத்துக்குப் போனது. (உள்ளானைச் சுடுவதற்கு அக்கருவி எவ்விதத்திலும் உதவாது என்பது வேறு விடயம். பறக்கும் பறவைக்குச் சிதறு சன்னமே ஏற்றது.)

இதையெல்லாம் தேடிப் படிக்கும் எண்ணம் எனக்கு வந்தது என் மருமகனால். கனடாவின் அல்பேட்டா மாநிலத்தில் வதியும் அவன், அங்குள்ள நண்பர்களோடு சேர்ந்து சில வருடங்களாக மான் வேட்டைக்குப் போய்வருகிறான். முறையான அனுமதிப்பத்திரத்துடன், பருவகாலத்தில் மட்டும். புதிதாக வாங்கிய ரைபிளின் மேல் இருபத்துநான்கு மடங்கு பெருப்பித்துக் காட்டும் தொலைநோக்கி ஒன்றைப் பெருவிலை கொடுத்துப் பொருத்தியிருந்தானாம். அதைப் பார்த்த அயலவரான முதிய வேட்டைக்காரர் ஒருவர், "தம்பி, இது வானத்து நட்சத்திரம் பார்ப்பதற்கு. மானுக்கு நாலு மடங்கு போதும். இரண்டரை என்றாலும் நல்லது" என்ற பொருள்படச் சொன்னாராம். "மாமா, குறைந்த பெருக்கம் எப்படி நல்லதாக இருக்க முடியும்?" என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தான். துவக்கு ஒன்றையும் கையால் தொட்டறியாத மாமாவிடம் கேட்கும் கேள்வியா இது? ஆயினும் கேட்டுவிட்டான்.

விடையின் முதற்பாதி என் மூக்கின்மீதே இருந்தது. நாற்பத்தைந்து வயதில் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. அச்சுப்படிகளைக் கையை நீட்டித் தூரத்தே பிடித்து வாசித்தேன். பின்னர் கையின் நீளம் போதாமற் போயிற்று. கண்ணின் வில்லை இறுகிப்போவதால் அண்மைப் பொருளிலும் சேய்மைப் பொருளிலும் மாறிமாறிக் குவியும் ஆற்றல் குறைகிறது. சாதாரண ரைபிளால் குறிபார்ப்பவர் மூன்று பொருள்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்: கண்ணுக்கு அருகிலுள்ள பின்குறியின் வெட்டு, குழலின் நுனியிலுள்ள முன்குறியின் மணி, அப்பால் தூரத்தில் நிற்கும் விலங்கு. இம்மூன்றிலும் ஒரே கணத்தில் குவியக்கூடிய கண் இருபது வயது இளைஞனுக்கும் கிடையாது. அவன் கண் விரைந்து மாறிக்கொள்வதால் குறை தெரிவதில்லை, அவ்வளவே. ஐம்பது வயதில் பின்குறி வெறும் மூட்டம்.

தொலைநோக்கிக் குறிகாட்டி, வேட்டைக்காரர் வழக்கில் 'ஸ்கோப்', இச்சிக்கலை ஒரேயடியாகத் தீர்க்கிறது. குழாயின் உள்ளே பொருத்தப்பட்ட குறுக்கிழையும் விலங்கின் விம்பமும் ஒரே தளத்தில் விழுகின்றன. கண் ஒன்றை மட்டும் பார்த்தாற் போதும். பெருப்பித்துக் காட்டுவதுதான் ஸ்கோப்பின் வேலை என்று நாம் எண்ணுகிறோம். அது இரண்டாம் பட்சமே. ஒரு மடங்குகூடப் பெருப்பிக்காத குழாயானாலும் முதியவர் ஒருவருக்கு அது மறுவாழ்வு.

இன்னொரு கணக்கும் உண்டு. முன்குறியின் மணி ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர் விட்டமுடையது. கண்ணிலிருந்து 90 சென்ரிமீற்றர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 100 மீற்றர் தொலைவில் 18 சென்ரிமீற்றர் அகலத்தை மறைக்கும். 200 மீற்றரில் 36 சென்ரிமீற்றர். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி அதனிலும் சிறியது. அதாவது, எவ்விடத்தில் பட்டால் விலங்கு துன்புறாது உடனே இறக்குமோ அவ்விடத்தையே குறிமணி மறைத்துவிடுகிறது. வேட்டைக்காரர் விலங்கின் நடுவுடலை உத்தேசமாக நோக்கிச் சுடுவார்; வயிற்றில் காயம்பட்ட மான் காட்டுக்குள் ஓடி இரண்டு நாட்கள் கிடந்து சாகும். மெல்லிய குறுக்கிழை எதையும் மறைப்பதில்லை.

அப்படியானால் பெருக்கம் கூடக்கூட நன்மைதானே என்ற மருமகனின் கேள்வி எஞ்சி நிற்கிறது. இரண்டரை மடங்கு ஸ்கோப்பினூடே 100 யார் தொலைவில் சுமார் 40 அடி அகலமான காட்சி தெரியும். பத்து மடங்கில் அது சுமார் 10 அடியாகச் சுருங்கும். இருபத்துநான்கு மடங்கில் நான்கைந்து அடி. புதரிலிருந்து பாய்ந்து செல்லும் மானை அந்தச் சாவித்துவாரத்தினூடே தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த மலைக்குப் போய்விடும். பெருக்கம் விலங்கை மட்டும் பெரிதாக்குவதில்லை, சுடுபவரின் கைநடுக்கத்தையும் நெஞ்சுத் துடிப்பையும் அதேயளவு பெரிதாக்குகிறது.

ஒளியின் கணக்கு இன்னும் முக்கியமானது. பொருள்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் பிரித்தால், கண்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 20 மில்லிமீற்றர் வில்லையும் இரண்டரை மடங்கும் என்றால் 8 மில்லிமீற்றர். இருளில் முழுதாக விரிந்த இளைஞனின் கண்மணி 7 மில்லிமீற்றர் அளவினது. வயது ஏற ஏற அது 5 வரை சுருங்கும். ஆகவே சிறிய, எளிய அந்தக் குழாய் கண் ஏற்கக்கூடிய முழு ஒளியையும் கொடுத்துவிடுகிறது. 40 மில்லிமீற்றர் வில்லையை இருபத்துநான்கு மடங்கில் வைத்தால் வெளிவருவது 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த கீற்று. அந்திமயங்கும் வேளையில், மான் மேய்ச்சலுக்கு வெளிவரும் அந்த அரைமணி நேரத்தில், விலையுயர்ந்த ஸ்கோப்பில் கருமையே தெரியும். இத்தனை விளக்கத்தையும் எழுதியனுப்பினேன். "கிழவர் சொன்னதும் இதுதான், ஆனால் இரண்டு வசனத்தில் சொன்னார்" என்று பதில் வந்தது.

*

இக்கருவியின் ஆரம்ப வரலாற்றில் இந்தியா ஓர் அத்தியாயம் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பம்பாய்ப் படையில் பணியாற்றிய டேவிட்சன் என்ற ஸ்கொட்லாந்து அதிகாரி 1830களிலேயே தமது வேட்டை ரைபிளில் சிறு தொலைநோக்கியைப் பொருத்திப் பரிசோதித்தவர். மேற்கிந்தியாவின் திறந்த சமவெளிகளில் முறுக்கிய கொம்புடைய வெளிமான்கள் மனிதரை நெருங்கவிடுவதில்லை. மறைந்து நெருங்குவதற்கு அங்கே புதரும் இல்லை. தூரத்திலிருந்து சுடுவதைத் தவிர வழியற்ற நிலம்தான் அவரை இக்கருவிக்குத் தள்ளியது.

எங்கள் நாட்டுக்காடு இதற்கு நேர்மாறானது. 1840களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் நுவரெலியாவில் வாழ்ந்து வேட்டையாடி நூலும் எழுதிய சாமுவேல் பேக்கர் போன்றோர் யானைகளைப் பத்து இருபது யார் தொலைவில் எதிர்கொண்டார்கள். அங்கே வேண்டியது தடித்த குழலும் பாரமான குண்டும், ஓடுவதற்குக் கால்களுமே. வன்னியின் வேட்டைக்காரர்களிடம் இருந்த 'இடியன்' துவக்கில், மருந்தை இடித்து இறுக்கிச் சுடும் அந்தப் பழைய ஆயுதத்தில், கண்ணாடிக் குழாயைப் பூட்டுவது என்பது மாட்டுவண்டிக்கு வேகமானி பூட்டுவதைப் போன்றது. குமாவோன் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடித் திரிந்த ஜிம் கோர்பெற்றும் திறந்த குறிகளையே பயன்படுத்தினார். கருவிகளை நிலமே தேர்ந்தெடுக்கிறது.

டேவிட்சனின் ஸ்கோப் பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்ட விற்வேர்த் ரைபிளின் இடது பக்கத்தில் பூட்டப்பட்டு அத்திலாந்திக்கைக் கடந்தது. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் தேர்ந்த சூட்டாளர்கள் சிலரின் கைகளில் அது இருந்தது. இதே காலத்தில் அமெரிக்காவிலும் தனியாக ஒரு மரபு வளர்ந்திருந்தது. நியூயோர்க் மாநிலத்தின் யூற்றிக்கா நகரத் துவக்குக் கைவினைஞர் மோர்கன் ஜேம்ஸ், 1855இலிருந்து சிரக்கியூஸ் நகரில் தொழில் நடத்திய வில்லியம் மல்கம் ஆகியோரின் குழாய்கள் துவக்குக் குழலின் நீளத்துக்கே நீண்டவை; இலக்கு மன்றங்களில் அசையாத மேசைமேல் வைத்துச் சுடுவதற்கு உகந்தவை. வேட்டைக்காட்டில் தோளில் சுமந்து திரிய முடியாது. 1864 மே 9ஆம் திகதி ஸ்பொட்சில்வேனியாவில் வடமாநிலத் தளபதி ஜோன் செட்ஜ்விக், குனிந்து பதுங்கிய தம் வீரர்களைப் பார்த்து இந்தத் தூரத்தில் அவர்களால் ஒரு யானையையே சுட முடியாது என்று கேலி செய்த சில நிமிடங்களில் கண்ணுக்குக் கீழே குண்டுபட்டு இறந்தார். அது விற்வேர்த் ரைபிளின் குண்டு என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். வெளிமானுக்காக உருவான எண்ணம் மனிதரை நோக்கித் திரும்பியதன் முதற்படி அந்தப் போர்.

எனினும் இன்று நாம் ஸ்கோப் என்று சொல்லும் குட்டையான, பாரமற்ற, குறைந்த பெருக்கமுடைய குழாய் மத்திய ஐரோப்பிய வனக்காவலரின் கண்டுபிடிப்பு. 1880இல் ஒஸ்திரியாவின் ஸ்ரோன்ஸ்டோர்ப் என்ற ஊரைச் சேர்ந்த ஓகஸ்ற் ஃபீட்லர் நடைமுறைக்கு ஏற்ற ஸ்கோப்பை உருவாக்கினார். இவர் துவக்குத் தொழிலாளியுமல்லர், வில்லை கடைபவருமல்லர். ரொய்ஸ் இளவரசரின் காடுகளை நிர்வகித்த வன அதிகாரி. அக்காடுகளில் மான், காட்டுப்பன்றி ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது வனக்காவலரின் கடமை. மங்கிய ஒளியில் சுட வேண்டும், எதைச் சுடுகிறோம் என்று அறிந்து சுட வேண்டும், காயத்தோடு எதையும் ஓடவிடக்கூடாது. இந்த மூன்று தேவைகளே கருவியின் வடிவத்தைத் தீர்மானித்தன. துவக்கின் பின்னுதைப்பு புருவத்தைக் கிழிக்காதபடி கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே சில அங்குல இடைவெளி தேவை. பெருக்கம் குறைவாக இருக்கும்போது இவ்விடைவெளியையும் அகன்ற காட்சியையும் சேர்த்துக் கொடுப்பது எளிது.

கண்ணாடியும் அப்போது தயாராக இருந்தது. 1884இல் ஜேர்மனியின் ஜெனா நகரில் ஓட்டோ ஷொட், எர்ன்ஸ்ட் அபே, சைஸ் குடும்பத்தார் ஆகியோர் தொடங்கிய கண்ணாடித் தொழிற்சாலை, உலகில் வேறெங்கும் கிடைக்காத தூய்மையுடைய ஒளியியற் கண்ணாடியை வார்த்தது. வியன்னாவில் கார்ல் றொபேர்ட் காலெஸ் 1898இல் இரு பழைய ஒளியியற் பட்டறைகளை இணைத்துத் தம் நிறுவனத்தைத் தொடங்கி 1900இல் 'தெலொரார்' என்ற ஸ்கோப்பை வெளியிட்டார். 1904இல் சைஸ் நிறுவனமும் இத்துறையில் இறங்கியது. 1914இல் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் வசதியான வேட்டைக்காரரிடம் ஸ்கோப் பூட்டிய ரைபிள் இருப்பது சாதாரணமாகிவிட்டது. பிரித்தானியக் கனவான்களோ, அது விளையாட்டு வீரனுக்கு அழகல்ல என்று பெரிதும் ஒதுக்கியே வைத்திருந்தனர்.

அந்த ஒதுக்கலுக்குப் பெருவிலை கொடுக்க நேர்ந்தது. 1914 இறுதியில் மேற்கு முனையில் இரு தரப்பும் பதுங்குகுழிகளில் முடங்கியபோது, சில நூறு யார்களுக்கு அப்பாலிருந்து ஜேர்மனியர் சுட்ட ஒற்றை வேட்டுகள் பிரித்தானியரைத் தலை தூக்கவிடவில்லை. ஜேர்மனியில் ராற்றிபோர் கோமகன் தலைமையில் தனியாரிடமிருந்த ஸ்கோப் ரைபிள்கள் திரட்டப்பட்டு முனைக்கு அனுப்பப்பட்டன. கலைமானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வாங்கப்பட்ட அழகிய துவக்குகள். அடிக்கட்டையில் சிற்ப வேலைப்பாடும் உலோகத்தில் கொடியும் இலையுமாக இருந்தவை. அவற்றுட் பல பழைய 88 ஆம் ஆண்டு ரவைக்கே உரியவை, இராணுவத்தின் புதிய ரவை அவற்றுக்குச் சற்றுத் தடிப்பு. எனவே, 88 ரவை மட்டும், புதிய ரவையைப் போடாதே என்று எச்சரிக்கும் சிறு தகடு ஒன்றைத் துவக்கின்மேல் அறைந்து கொடுத்தார்கள். அத்தகடு பூண்ட வேட்டைத் துவக்குகள் இன்றும் அரும்பொருட்காட்சிச் சாலைகளில் உள்ளன.

பிரித்தானிய தரப்பில் இதற்கு மாற்றுக் கண்டவரும் ஒரு வேட்டைக்காரரே. ஹெஸ்கெத் பிரிச்சார்ட் ஹம்சயர் அணிக்காக விளையாடிய கிரிக்கெற் வீரர்; அழிந்துபோன இராட்சத அசைகரடி ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பற்றகோனியா வரை போய் வெறுங்கையோடு திரும்பிய பயணி; எழுத்தாளர். முன்னரங்கில் ஸ்கோப் ரைபிள்கள் இருந்தும் பெரும்பாலானவை குறிதவறிக் கிடந்ததை அவர் கண்டார். அவற்றை வைத்திருந்தவர்களுக்கு அவற்றைச் சீர்செய்யத் தெரியவில்லை. குழாயைப் பிடித்துத் துவக்கைத் தூக்குகிறார்கள், திருகாணி தளர்ந்துவிடுகிறது, இம்மியளவு வழுவினால் தூரத்தில் ஓரடி வழுவும். வேட்டையில் பிழைத்தால் மான் தப்பும், இங்கே பிழைத்தால் எதிராளி நம் இடத்தை அறிந்துகொள்வான். 1916இல் பிரான்சின் லிங்கெம் என்ற ஊரில் அவர் நடத்திய பாடசாலையில் போதிக்கப்பட்டதில் பெரும்பகுதி ஸ்கொட்லாந்து மான்வேட்டைக் கலையே. ஸ்கொட்லாந்து மலைநாட்டு வேட்டைத் துணைவர்களைக் கொண்ட லோவற் படைப்பிரிவினர் அவருடைய கண்கள். அத்துணைவர்களைக் கேலிக் மொழியில் 'கில்லி' என்பர். இன்று உலகெங்கும் படைகள் அணியும் இலைதழை தொங்கும் மறைப்பாடைக்கு 'கில்லி' உடை என்ற பெயர் அவர்களால் வந்தது.

அக்காலத்தில் பயன்பட்ட ஸ்கோப்புகளின் ஆற்றலைக் கவனியுங்கள். பிரித்தானியர் பூட்டியவற்றுள் ஒருவகை இரண்டு மடங்கு, இன்னொன்று ஏறத்தாழ மூன்று. ஜேர்மனியருடையவை பெரும்பாலும் மூன்று, நான்கு. அவ்வளவுதான். மருமகனின் அயலவர் மானுக்குப் போதும் என்று சொன்ன அதே அளவு, மனிதருக்கும் போதுமாக இருந்தது.

*

போர் முடிந்ததும் கருவி காட்டுக்குத் திரும்பியது. 1920களில் சைஸ் நிறுவனம் இரண்டேகால் மடங்கு முதல் எட்டு மடங்கு வரையான ஸ்கோப்புகளை விற்றது. நான்கு மடங்கு உடைய 'சீல்ஃபியர்' அவற்றுள் புகழ்பெற்றது. ஆனால் விலை சாதாரண மனிதருக்கு எட்டாதது. அதை எட்டவைத்தவர் பில் வீவர் என்ற அமெரிக்க இளைஞர். 1930இல், பொருளாதார வீழ்ச்சி நாட்டை நசுக்கத் தொடங்கிய வேளையில், இருபத்தைந்து வயதுக்குள் '330' என்ற ஸ்கோப்பை உருவாக்கினார். மெலிந்த உருக்குக் குழாய். மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவான பெருக்கம். பூட்டும் கொளுவியோடு சேர்த்து 19 டொலர். ஜேர்மனியச் சரக்கின் விலை அதனிலும் பல மடங்கு. பின்னர் டெக்சாஸின் எல் பாசோ நகருக்குப் போய்த் தொழிலைப் பெருக்கினார். பண்ணைக்காரரும் சுரங்கத் தொழிலாளியும் முதன்முறையாகக் குறுக்கிழையினூடே மானைப் பார்த்தனர். செல்வர் வீட்டுக் கருவியைச் சமையலறைச் செலவுப் பணத்தில் வாங்கக்கூடியதாக ஆக்கிய இந்த மனிதரைத் தொழில்நுட்ப வரலாறு போதியளவு நினைப்பதில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க இராணுவத்துக்குச் சினைப்பர் ரைபிள் அவசரமாகத் தேவைப்பட்டது. புதிதாக ஒன்றை வடிவமைக்க நேரமில்லை. கடைகளில் விற்ற வீவர் 330ஐ எடுத்து எம்73பி1 என்று இராணுவப் பெயர் சூட்டி ஸ்பிறிங்ஃபீல்ட் ரைபிளில் பூட்டினார்கள். 1943இலிருந்து றெமிங்டன் நிறுவனம் இவ்வகை ரைபிள்கள் 28,000க்கு மேல் தயாரித்தது. அதில் திறந்த குறிகளே கிடையா. கண்ணாடி மங்கினால் சுடுபவர் குருடர். மழைக்காலத்தில் அது மங்கியது. வருடத்துக்கு ஒரு வாரம் மான் வேட்டைக்குப் போகிறவருக்காகச் செய்யப்பட்ட 19 டொலர்க் குழாய், இத்தாலியின் சேற்றுக்கும் பசுபிக் தீவுகளின் ஈரத்துக்கும் செய்யப்பட்டதன்று. லைமன் நிறுவனத்தின் 'அலாஸ்கன்' என்ற இரண்டரை மடங்கு வேட்டை ஸ்கோப்பும் இவ்வாறே எண்ணும் எழுத்துமாகப் பெயர் மாறிப் படையில் சேர்ந்தது. ஜேர்மனியர் ஒன்றரை மடங்கே பெருக்கும் குட்டிக் கருவி ஒன்றைப் பெருந்தொகையாகத் தயாரித்தனர். சினைப்பர்கள் அதை விரும்பவில்லை, நான்கு மடங்கு வேட்டை ஸ்கோப்புகளையே தேடினர். குறைவு நல்லது என்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

இவ்விடத்தில் பின்லாந்துக்காரரான சிமோ ஹேஹாவைச் சொல்லாமல் விடமுடியாது. 1939-40 குளிர்காலப் போரில் ஏறத்தாழ நூறு நாட்களில் ஐந்நூறுக்கு மேற்பட்ட சோவியத் வீரரைச் சுட்டதாகக் கணக்கு வைக்கப்பட்டிருக்கும் இந்த விவசாயி, ஸ்கோப்பை வேண்டாமென்றவர். ஸ்கோப் வைத்தால் தலையைச் சற்று உயர்த்த வேண்டும். கடுங்குளிரில் கண்ணாடி மூச்சுக்காற்றுப் பட்டு மங்கும். வெயில் பட்டால் மின்னிக் காட்டிக்கொடுக்கும். மூன்றும் காட்டில் கற்ற பாடங்கள். 1940 மார்ச்சில் தாடையில் குண்டுபட்டு முகம் சிதைந்த அவர், போருக்குப் பின் நாய்கள் வளர்த்து, கடமான் வேட்டையாடி, 2002இல் 96 வயதில் காலமானார்.

கண்ணாடி மங்கும் குறையைத் தீர்த்தது போர்த் தொழிற்சாலை அல்ல. ஆற்றுநீர் மட்டத்தை அளக்கும் கருவிகளைச் செய்துவந்த ஓறிகன் மாநிலத்தின் லியூபோல்ட் நிறுவனம் அது. மழைக்காட்டில் ஸ்கோப் மங்கியதால் மானைத் தவறவிட்ட மார்க்கஸ் லியூபோல்ட், இதைவிட நல்லதை நானே செய்வேன் என்று சினந்து சொன்னதாக அந்நிறுவனத்தார் சொல்லும் கதை உண்டு. 1940களின் பிற்பகுதியில், குழாயினுள் இருந்த ஈரக்காற்றை அகற்றி நைதரசன் வாயுவை நிரப்பி மூடினார்கள். உள்ளே ஈரமில்லை என்றால் மங்குவதற்கும் எதுவுமில்லை. இன்று தரமான ஸ்கோப் என்றால் இம்முறை அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு, படையினருடையதாயினும் சரி.

பின்வந்த கதையை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, வடிவம் ஒன்றே. 1970களின் பிற்பகுதியில் ஒஸ்திரிய இராணுவம் ஏற்ற ஸ்ரையர் ரைபிளின் கைபிடியினுள் ஒன்றரை மடங்குக் கண்ணாடியை வைத்துக் கொடுத்தது, தீரோல் மலைநாட்டில் வேட்டைத் தொலைநோக்கிகள் செய்யும் ஸ்வரொவ்ஸ்கி. 2022 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை தன் அடுத்த தலைமுறைக் குறிகாட்டிக்கு ஒப்பந்தம் கொடுத்தது விஸ்கொன்சின் மாநிலத்தின் வோர்ட்டெக்ஸ் நிறுவனத்துக்கு. வேட்டைக்காரரிடையே அறிமுகமான பெயர். ஒன்றிலிருந்து எட்டு மடங்கு வரை மாற்றக்கூடிய அக்கருவியில் தூரமானியும் கணினியும் உண்டு. கீழ்முனை இன்னும் ஒன்றுதான்.

பில் வீவர் ஸ்கோப்போடு சேர்த்து விற்ற பொருள்களில், குறுக்கே வெட்டுகள் உடைய சிறிய உலோகத் தண்டும் ஒன்று. துவக்கின் முதுகில் அதைப் பூட்டி, அதன்மேல் ஸ்கோப்பைக் கவ்வச் செய்யலாம். கழற்றி மீண்டும் பூட்டலாம். அத்தண்டின் வெட்டுகளைச் சீராக்கி, இடைவெளிகளை ஒழுங்குபடுத்தி, 1995இல் அமெரிக்க இராணுவம் தன் நியமமாக அறிவித்தது. பிக்கற்றினி தண்டு என்று அதற்குப் பெயர். எந்த நாட்டுப் போரானாலும், தொலைக்காட்சிச் செய்தியில் படைவீரர் எவரேனும் தோன்றும்போது அவர் கைத்துவக்கின் மேற்புறத்தைப் பாருங்கள். பற்கள்போல வரிசையாக வெட்டுகள் தெரியும்.

மருமகன் சென்ற நவம்பரில் மீண்டும் எழுதியிருந்தான். இருபத்துநான்கு மடங்கை விற்றுவிட்டு, பழையதொரு நான்கு மடங்கு ஸ்கோப்பை அயலவரிடமிருந்தே வாங்கிப் பூட்டியிருக்கிறான். சூரியன் மறைந்து அரைமணி நேரம் வரை அங்கு சட்டம் வேட்டைக்கு இடந்தருகிறது. அதில் எட்டு நிமிடங்கள் எஞ்சியிருந்தபோது பைன் மரங்களின் ஓரத்தில் பெண்மான் ஒன்று வந்து நின்றதாம். பெண்மானுக்கான அனுமதி அவனிடம் இருந்தது. குறுக்கிழை தோளின் பின்னே சரியாக அமர்ந்தது. காட்சியின் இடது விளிம்பில் ஏதோ அசைந்ததாம். அவ்வருடத்துக் குட்டி. பன்னிரண்டு அடி பின்னால் நின்றது. பழைய ஸ்கோப்பாக இருந்திருந்தால் அது தெரிந்தே இராது என்று எழுதியிருந்தான். சுட்டானா இல்லையா என்பதை அவன் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.